சேலம் தந்த செல்வர் கே. டி. பால்
போர் வீரர்களின் இளைப்பாறு மனைகளும் ஒரு பொதுநிலையினரின் வாழ்வும்

ஜூபிலி ஆண்டு என்பது நன்றி கூறும் ஆண்டு. நம் பங்கை உருவாக்கிய குருக்களையும் கன்னியர்களையும், கல் சுமந்து கோவில் எழுப்பிய முன்னோரையும் இம்மலரின் ஏனைய பக்கங்கள் நன்றியோடு நினைவுகூருகின்றன. யாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டிருப்பதோ நம் பங்கைச் சேராத, ஏன், நம் கத்தோலிக்கத் திருச்சபையையே சேராத ஒருவருடைய வாழ்க்கை வரலாறு. கத்தோலிக்கப் பங்கின் மலரில் புராட்டஸ்டண்டு சகோதரர் ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை அன்னாரின் வாழ்க்கையே தரும் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறோம்.

அவர் பெயர் கனகராயன் திருச்செல்வம் பால். கே. டி. பால் என்றே நாடு அவரை அறிந்திருந்தது. பவுல் என்று புராட்டஸ்டண்டு சகோதரர்களும், சின்னப்பர் என்று நம் பாட்டனார் பாட்டிமாரும் அழைத்த அதே அப்போஸ்தலரின் பெயர்தான் அவருக்கு வாய்த்தது. கடல் கடந்தும் நாடு கடந்தும் சென்று, யூதருக்கு யூதராகவும் கிரேக்கருக்குக் கிரேக்கராகவும் ஆன அந்தப் புனிதரின் பெயர் இவருக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை வாசகர்கள் போகப்போகக் காண்பார்கள்.

பிறப்பும் இளமையும்

1876-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் சேலத்தில் பால் பிறந்தார். தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளில்தான். ஆகவே அவர் பிறந்த காலத்தில் நம் தொப்பூரும் சேலம் மாவட்டத்திற்கு உட்பட்டதே. அவ்வகையில் அன்னார் நம் பழைய மாவட்டத்தின் மைந்தர்.

அவர் பிறந்த சில வாரங்களில் தாது வருடம் பிறந்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்கும் அந்தக் கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டி வதைத்தது. சேலம் மாவட்டம் அதில் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. கஞ்சித் தொட்டிகளின் முன் கூட்டம் கூட்டமாக மக்கள் நின்ற காலத்தில் தவழ்ந்து வளர்ந்த குழந்தை அவர். பிற்காலத்தில் கிராமத்து ஏழையின் கடனும் பசியும் அவர் மனத்தைவிட்டு அகலாதிருந்ததில் வியப்பில்லை.

சேலத்தில் கல்வி தொடங்கி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயர்கல்வி பெற்றார். சிறிது காலம் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டார். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சிலர் ஒன்றுகூடி தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. வெளிநாட்டார் கையை எதிர்பார்த்தே திருச்சபைகள் இயங்கிய அந்நாளில் இது பெரும் துணிவு. இச்சங்கத்தின் முதற் செயலாளராக இருந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வே. சா. அசரியா அவர்கள். அவர் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகச் சென்றபின், சங்கத்தின் பொறுப்பைப் பால் ஏற்றார். ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நாடெங்கும் சுற்றி, பலமொழி பேசும் மக்களோடு பழகி, இந்தியாவைக் கண்ணாரக் கண்டவர் ஆனார்.

கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில்

ஒய்.எம்.சி.ஏ. என்று எல்லோரும் அறிந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844-இல் லண்டன் மாநகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தியால் தொடங்கப்பட்டது. வேலை தேடிப் பட்டணம் வந்து, நல்ல துணையின்றித் தவித்த இளைஞருக்குப் புகலிடமாக அது வளர்ந்தது. சென்னையில் 1890-இல் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கரால் அது நிறுவப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்திற்கு எதிரே எழும்பி நிற்கும் அதன் சிவந்த கட்டடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இச்சங்கத்தின் அகில இந்தியப் பணியில் சேர்ந்த பால் அவர்கள், எட்வர்டு கார்ட்டர் என்ற அமெரிக்கருக்குப் பின் 1916-இல் அதன் தேசியப் பொதுச் செயலாளரானார். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவரே. வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேசையில் அமர்வதே அரிதாக இருந்த காலத்தில், பல வெளிநாட்டுச் செயலர்கள் ஒரு சேலத்துத் தமிழரின் தலைமையின் கீழ் வேலை செய்தனர் என்றால் அவருடைய ஆற்றலை வாசகர்கள் உய்த்துணரலாம்.

ஆனால் அவர் பொறுப்பேற்ற வேளை அமைதியான வேளையன்று. முதல் உலகப் போர் மூண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

போரும் சிப்பாய்களும்

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் இந்தியத் துருப்புகள் பிரான்சு நாட்டு மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பிரான்சு, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, மெசொப்பொத்தேமியா ஆகிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்றனர். அவர்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவேயில்லை. பஞ்சாபியரும் கூர்க்கரும் பட்டாணியரும் மட்டுமல்ல, நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் 1917 பிப்ரவரியில், எதிரியின் குண்டு மழைக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைத் துருப்புகள் கடப்பதற்குத் துணை நின்றது போர் வரலாற்றில் பொறிக்கப்பட்டுள்ளது.

இந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பனியை வாழ்நாளில் கண்டிராதவர்கள். காவல் முறை முடிந்து களைத்து வரும் சிப்பாய்க்குப் போவதற்கு ஓர் இடமில்லை. பேசுவதற்கு மொழியில்லை. வீட்டில் மனைவி பிள்ளை பெற்றாளா, தாய் உயிரோடிருக்கிறாளா, மழை பெய்ததா, கடன்காரன் நிலத்தைப் பிடுங்கினானா என்று ஏங்கிக் கிடப்பதே அவன் ஓய்வு. அந்தத் தனிமையில் மதுவும் சூதும் தீய நட்பும் அவனை எளிதில் வளைத்துக்கொள்ளும்.

இங்குதான் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் இளைப்பாறு மனைகள் வந்தன. மனை என்றாலும் பெரும்பாலும் அது ஒரு மரக்கொட்டகையோ கித்தான் கூடாரமோதான். வாயிலில் சிவப்பு முக்கோணச் சின்னம். உள்ளே சூடான தேநீர், நீண்ட பெஞ்சுகள், கிராமபோன் பெட்டி, சில விளையாட்டுப் பொருள்கள், தாய்மொழிப் பத்திரிகைகள். வெளியே பந்து விளையாட ஓர் இடம். இரவில் எப்போதாவது பயாஸ்கோப் காட்சி. எல்லாவற்றிலும் மேலாக, ஒரு மேசையும் காகிதமும் பேனாவும், எழுதத் தெரியாதவன் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒரு மனிதரும்.

கடிதம் எழுதித் தருவது சிறு காரியம்போலத் தோன்றலாம். கடல் கடந்து கிடந்த மகன் உயிரோடிருக்கிறான் என்று ஊரிலுள்ள தாய் அறிந்துகொள்ள அந்த ஒரு காகிதமே வழி. இந்தச் சேவைக்காக நம் நாட்டிலிருந்து செயலர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும், பணம் திரட்டுவதும், கணக்குக் கேட்பதும், படை அதிகாரிகளோடு பேசி அனுமதி பெறுவதும் கல்கத்தா ரஸல் தெருவிலிருந்த தேசியத் தலைமை அலுவலகத்தின் வேலை. 1916 முதல் அதன் பொறுப்பு பால் அவர்களுடையது. துப்பாக்கிச் சத்தம் கேட்காத தூரத்தில், ஆனால் அச்சத்தத்தின் நடுவே இருந்த ஆயிரமாயிரம் பேரின் நினைவோடு அவர் உழைத்தார்.

ஒரு கடினமான நிபந்தனை

இம்மனைகளை அரசு அனுமதித்தது ஒரு நிபந்தனையின் பேரில். இந்தியச் சிப்பாய்கள் நடுவே மதப்பிரச்சாரம் எதுவும் செய்தல் ஆகாது என்பதே அது. 1857-ஐ ஆங்கிலேயர் மறக்கவில்லை. படை வீரரின் மத உணர்வைத் தொட்டால் என்ன நேரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பிரைட்டன் நகர அரண்மனையை இந்தியக் காயப்பட்டோருக்கு மருத்துவமனையாக்கியபோது, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் தனித்தனியாக ஒன்பது சமையற்கட்டுகளை அமைத்தனர் என்றால் அந்த எச்சரிக்கையின் அளவு விளங்கும்.

கிறிஸ்துவை அறிவிக்கவே வாழ்ந்த ஒரு மனிதருக்கு இது எத்தகைய சோதனை! தேசிய மிஷனரி சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்று நற்செய்திப் பணிக்கு ஆள் திரட்டியவர் அவர். இப்போது அவர் அனுப்பும் ஊழியர் ஆண்டவரின் பெயரைக்கூடப் போதிக்கலாகாது. அப்படியானால் இப்பணி எதற்கு என்ற கேள்வி எழாமலிருக்க முடியாது. மறுபுறம், அந்நிய அரசின் போருக்கு நாம் ஏன் துணை போக வேண்டும் என்ற தேசபக்தரின் கேள்வியும் இருந்தது. பால் அவர்களோ நாட்டு விடுதலையில் பற்றுடையவர். இருபுறமும் கூரான கத்தி.

பால் அவர்கள் நிபந்தனையைக் காத்துப் பணியை நடத்தினார். வாயிலில் நிற்பவன் யாருடைய போரில் சண்டையிடுகிறான் என்று கேட்டபின்பா அவனுக்குத் தேநீர் கொடுப்பது? நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனின் சாதியையோ சமயத்தையோ விசாரித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்து, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்துப் போனான் என்றே சொன்னார். அந்தச் சத்திரத்தின் மறுபதிப்பே இந்தக் கொட்டகைகள் எனலாம்.

பாலைவனத்தில்

1915-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதி பிரான்சிலிருந்து மெசொப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு அனுப்பப்பட்டது. அங்கே குளிருக்குப் பதில் நெருப்பு வெயில். ஈக்களும் காலராவும் சேற்று வெள்ளமும். காயப்பட்டோரைக் கொண்டுசெல்லப் போதிய படகுகளோ மருந்தோ இல்லாமல் அவர்கள் பட்ட துன்பம், விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு இங்கிலாந்தையே உலுக்கியது. அக்குழுவின் அறிக்கை 1917-இல் வெளிவந்தது. 1916 ஏப்ரல் 29-ஆம் நாள் கூட் என்ற ஊரில் பட்டினியால் வாடிய சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்.

அத்தகைய இடத்தில், பாஸ்ரா முதல் டைகிரிஸ் ஆற்றோரம் நெடுகச் சிவப்பு முக்கோணக் கூடாரங்கள் தோன்றின. ஒரு நிழல், ஒரு குவளை நீர், ஒரு கடிதம், ஒரு பாட்டு. சாவின் வாசலில் நின்றவனுக்கு அவை சாமானியமானவையல்ல.

பிற நாடுகளில்

இத்தகைய மனைகள் வேறு கைகளாலும் எழுந்தன. பெல்ஜியம் நாட்டுப் பொப்பரிங்கே ஊரில் 1915 டிசம்பரில் பிலிப் கிளேட்டன் என்ற ஆங்கிலிக்கன் படைக் குரு டால்பட் இல்லத்தைத் திறந்தார். அங்கே அதிகாரி, சிப்பாய் என்ற வேற்றுமை வாயிலோடு நின்றது. கத்தோலிக்கர்களாகிய நம்மவரும் பின்தங்கவில்லை. 1882-இல் மைக்கேல் மெக்கிவ்னி என்ற அமெரிக்கப் பங்குக் குரு தொடங்கிய கொலம்பஸ் வீரர் சபையினர், அமெரிக்கப் படையினருக்காகக் கொட்டகைகள் அமைத்து, எவரும் வரலாம், எல்லாம் இலவசம் என்று வாயிலில் எழுதி வைத்தனர். அத்தந்தை 2020-ஆம் ஆண்டு முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

திருச்சபையின் எச்சரிக்கையும் சங்கத்தின் ஒளியும்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். போர் முடிந்த இரண்டு ஆண்டுகளில், 1920 நவம்பர் 5-ஆம் நாள், உரோமையின் பரிசுத்த அலுவலகம் உலக ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. அதில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பெயரைக் குறிப்பிட்டு, கத்தோலிக்க இளைஞர் இத்தகைய சங்கங்களால் விசுவாசத்தில் தளர்ந்துவிடாதபடி விழிப்பாயிருக்குமாறு எச்சரித்தது. எல்லாச் சபைகளும் ஒன்றே என்ற அலட்சியம் இளைஞர் நெஞ்சில் புகுந்துவிடக் கூடாது என்பதே அதன் கவலை. தாயின் கவலை அது. விசுவாசம் என்ற முத்தைக் காக்க வேண்டியது அவள் கடமை.

அதே தாய்தான் 1964 நவம்பர் 21-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கத்தின் வழியாக, கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை நமக்குத் தந்தாள். பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் கிறிஸ்துவின் செல்வங்களை மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்கவும், தூய ஆவியார் அவர்களில் செய்தவை நம் ஞான வளர்ச்சிக்கும் உதவும் என்று உணரவும் கற்பித்தாள். அந்த ஒளியில்தான் பால் அவர்களின் வரலாற்றை நாம் இம்மலரில் எழுதத் துணிந்தோம். விசுவாசத்தில் உறுதியாயிருப்பதும் பிறர் நன்மையைப் போற்றுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கிராமத்தை நோக்கி

போர் முடிந்தது. கூடாரங்கள் கழற்றப்பட்டன. சிப்பாய் ஊர் திரும்பினான். அவனை அங்கே எதிர்கொண்டது அதே கடனும் அதே அறியாமையும்தான். கொட்டகையில் அவன் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்களில் நிறைந்திருந்த கவலைகள் எல்லாம் கிராமத்துக் கவலைகளே. போருக்கு முன்பே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழியாக ஏழை உழவரைத் தூக்கிவிட முனைந்திருந்த பால் அவர்கள், இப்போது அப்பணியை இன்னும் விரித்தார். கடன், உடல்நலம், கல்வி, ஆன்மா என மனிதனை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கிராமப் புனரமைப்பு என்று அதற்குப் பெயர்.

அதன் புகழ்பெற்ற நிலையம் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவரின் பொறுப்பில் உருவாயிற்று. கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அங்கே ஏழைகளின் கைத்தொழிலாயின. மார்த்தாண்டம் தேன் என்று இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோம். தென்னாட்டில் தேனீ வளர்ப்புக்கு 1911 முதல் 1917 வரை வழிகாட்டி, நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தவர் நியூட்டன் என்ற கத்தோலிக்கக் குரு. குருவானவர் தொடங்கியதைப் பிரிந்த சகோதரர்கள் வளர்த்தனர். தேனீக்களுக்குச் சபை வேற்றுமை தெரியாது போலும்!

பால் அவர்களின் பதவிக் காலத்திலேயே, 1920-இல், ஹாரி பக் அவர்கள் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியர்களாக விளங்கிய எத்தனையோ பேர் அங்குப் பயின்றவர்கள்.

வட்டமேசையும் இறுதி நாள்களும்

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, இந்தியக் கிறிஸ்தவர்களின் சார்பில் பால் அவர்கள் சென்றார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டுமா என்பது அன்றைய பெருங்கேள்வி. தனித் தொகுதி நம்மை நாட்டு மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்று அவர் கருதினார். வட்டமேசை மாநாட்டில் பங்குபெற்ற கத்தோலிக்கத் தலைவரான தஞ்சைப் பகுதி ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்களோ, சிறுபான்மையோருக்கு அப்பாதுகாப்பு தேவை என்ற கருத்துடையவர். இருவரும் தமிழர், இருவரும் கிறிஸ்தவர், இருவரும் சமூக நலம் நாடியவர். வழியில் மட்டும் வேறுபட்டனர். கருத்து வேற்றுமை பகையாக வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

மாநாடு 1931 ஜனவரியில் முடிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பால் அவர்கள் ஆண்டவரில் துயில் கொண்டார். அப்போது அவருக்கு வயது 55. தன் சக்திக்கு மீறி உழைத்த உடல் அது.

தொப்பூருக்கு ஒரு செய்தி

நம் தொப்பூர் கணவாய் படைகள் நடந்த பாதை. 18-ஆம் நூற்றாண்டின் மைசூர்ப் போர்களில் துருப்புகள் இவ்வழியே ஏறியும் இறங்கியும் சென்றன. இன்று இவ்வழியே ஓய்வின்றிச் செல்பவை லாரிகள். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், வட நாட்டு ஓட்டுநர் பலர் நம் மொழி அறியாமல், உறங்காத கண்களோடு இந்த இறக்கத்தில் இறங்குகின்றனர். விபத்துச் செய்தி கேளாத மாதம் நமக்கு உண்டா? அவர்களில் எத்தனை பேர் வீட்டை நினைத்து ஏங்கும் பிள்ளைகள்! சீருடை இல்லாத சிப்பாய்கள் அவர்கள்.

ஜூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்புகிறோம், கொடிமரம் நாட்டுகிறோம். நல்லதே. அவற்றோடு, மலைப்பாதையில் இறங்கும் முன் ஒருவன் வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, தேநீர் அருந்தி, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து செல்ல ஒரு நிழலை நம் பங்கால் தர இயலாதா? அவன் பெயரையும் சமயத்தையும் கேளாமல் தர இயலாதா? பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு கொட்டகையும், நீண்ட பெஞ்சும், முறை வைத்து நிற்க வின்சென்ட் தே பவுல் சபையினர், இளைஞர் இயக்கத்தினர் போன்ற சிலருமே போதும். பால் அவர்களும் அவ்வளவைக்கொண்டே தொடங்கினார்.

அன்னியனாய் இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று இறுதி நாளில் ஆண்டவர் நம் பங்கைப் பார்த்துச் சொல்லும் பேறு கிட்டுமானால், அதனினும் பெரிய ஜூபிலிப் பரிசு வேறில்லை. சேலம் தந்த இச்செல்வரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறவும், அவர் ஏற்றிய விளக்கு நம் கணவாயிலும் ஒளிரவும் பங்கு மக்கள் அனைவரோடும் சேர்ந்து மன்றாடுகிறோம்.